மரத்தடியும் மாளிகையும்

சேப்பாக்கம் ஆடுகளத்தைப் பற்றிப் பேசுவோர் ஓட்டக் கணக்கோடு நின்றுவிடுகின்றனர். நூறு அடித்தவர் எவர், விக்கெட் வீழ்த்தியவர் எவர் என்பதெல்லாம் அவர்கட்கு மனப்பாடம். அந்த வெளிக்கு வேலி போட்டவர் யார், அதற்குள் நுழைய எவர்க்கு உரிமை இருந்தது, எவர்க்கு இல்லை என்ற கணக்கை மட்டும் கேட்போரில்லை!

கடலோரத்தில் 1768-ல் ஆற்காட்டு நவாப் எழுப்பிய அரண்மனைத் தோட்டத்தின் ஒரு பகுதிதான் அந்த ஆடுகளம். 1855-ல் நவாப் குலாம் கவுஸ் கான் பிள்ளையின்றி மறைந்தார். வாரிசில்லையேல் அரசுமில்லை என்றது கும்பெனி. அரண்மனை ஏலத்துக்கு வந்தது; அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 1846-ல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865-ல் இங்கே குடிபுகுந்தது. உறுப்பினர் அனைவரும் வெள்ளையர்.

நம்மவர் ஆட வந்தால்? களத்தில் இடமுண்டு, பெவிலியனில் இல்லை. வெள்ளையர் மாளிகை நிழலில் அமர்ந்து உண்ண, இந்திய ஆட்டக்காரர் மரத்தடியில் ஒதுங்கினர் என்பது சென்னைக் கிரிக்கெட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கோயில் வாயிலில் நாம் கண்ட அதே தீண்டாமை, கால்சட்டை அணிந்து அங்கே காவல் நின்றது. விந்தை என்னவெனில், கோயில் வாயிலில் பிறரைத் தடுத்த குலத்தவர்க்கும் அங்கே அந்த மரத்தடிதான் கிடைத்தது!

மானமுள்ள ஒருவர் அதைப் பொறுக்கவில்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்த புச்சிபாபு நாயுடு, 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்திய இளைஞர்க்கு மட்டையும் பந்தும் பயிற்சியும் தந்தார். வெள்ளையரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் மாகாணப் போட்டிக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. 1908 இறுதியில் அந்த ஆட்டம் நடந்தபோது அவர் உயிரோடில்லை; சில நாட்களுக்கு முன்னரே மறைந்துவிட்டார். பின்னாளில் அது பொங்கலையொட்டிய பெருவிழாவாகவே வளர்ந்தது.

எனினும், செல்வம் திறந்த கதவு செல்வர்க்கே அகலத் திறந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் உள்ளே சென்றன, சேரி செல்லவில்லை. பம்பாய்ப் பக்கம் பாருங்கள். ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911-ல் இங்கிலாந்து சென்று நூற்றுக்கு மேல் விக்கெட் வீழ்த்தினார். அவர் பூனாவில் ஆடிய நாளில், அவரோடு களத்தில் நின்ற இந்துக்கள், தேநீர் வேளையில் வெளியே நிறுத்தி மண்குவளையில் ஊற்றினர். இந்து அணியின் தலைமையைக் கடைசிவரை அவர்க்குத் தரவில்லை. வெள்ளையன் பூட்டிய கதவைச் சாடுவோர், நாம் பூட்டிய கதவை மறப்பது ஏன்?

1934 பிப்ரவரி 10-ல் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் தொடங்கியது, இங்கிலாந்து வென்றது. சரியாகப் பதினெட்டு ஆண்டு கழித்து, 1952-ல், அதே பிப்ரவரி 10-ல், அதே மண்ணில், அதே இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸ் 8 ஓட்டத்தில் வீழ்த்தி இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. வினூ மன்கட் பன்னிரண்டு விக்கெட் சாய்த்தார். ஆட்டம் தொடங்கிய நாளில்தான் லண்டனிலிருந்து ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்த செய்தி வந்தது. மரத்தடிக்கு அனுப்பப்பட்டோரின் பேரர் ஆண்ட காலம் அது.

ஆனால் அந்தத் திடலின் பெருமையாக நான் கருதுவது வெற்றியன்று, ஒரு தோல்வி. 1999 சனவரி. பாகிஸ்தான் ஆடக்கூடாதென வடக்கே ஆடுகளத்தையே வெட்டிக் கெடுத்திருந்தனர் வெறியர். சென்னையில் ஆட்டம் நடந்தது. இலக்கு 271, முதுகுவலியோடு போராடிய டெண்டுல்கர் 136-ல் வீழ, இன்னும் பதினேழு ஓட்டம் வேண்டும். எஞ்சிய மூன்று விக்கெட்டும் நான்கே ஓட்டத்தில் சரிந்தன. பன்னிரண்டு ஓட்டத்தில் தோல்வி! ஒரு கணம் மயான அமைதி. பின்னர் எழுந்து நின்றது கூட்டம். களத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்க்குக் கைதட்டியது. கண்ணீரோடு தட்டிய கைகள் அவை. மதவெறிக்கு எதிராக எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறோம். அந்தக் கைதட்டலைவிட எடுப்பாகப் பேசினோமா?

2023-ல் அங்கே கலைஞர் பெயரால் ஒரு பார்வையாளர் மாடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியில், தறித் தொழிலாளியின் மகன் நடராசன், தன் ஊர்ப் பிள்ளைகட்கென்றே ஓர் ஆடுகளம் அமைத்துத் திறந்தார். இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடி, 2021-ல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடியவர் அவர். காரிமங்கலத்து ஏரிப் படுகையில் விளையாடும் சிறுவர்க்குச் சேப்பாக்கத்தைவிட அந்தக் களம் வெகு அருகில் இருக்கிறது.