ராஸ்: இருப்புப்பாதை ஓரத்தில் ஒரு பள்ளிவாசல்



அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ராஸ் என்றொரு சிற்றூர் உண்டு. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கு வாழ்ந்தோர் 97 பேர் மட்டுமே. ஆயினும், அந்நாட்டில் தொழுகைக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்று இவ்வூரின் அருகில்தான் எழுந்தது. அவ்வரலாற்றை நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

மரங்கள் அரிதான, கண்ணுக்கெட்டிய தூரம்வரை புல் விரிந்த சமவெளி அது. ஜேம்ஸ் ஹில் என்பாரின் தலைமையில் இயங்கிய இரயில் நிறுவனம் 1887இல் அதனைக் கடந்து மேற்கே மொன்டானாவுக்குப் பாதை அமைத்தது. பின்னாளில் கிரேட் நார்தர்ன் எனப் பெயர் பெற்ற அப்பாதை நெடுகிலும் சிற்றூர்கள் தோன்றின. உழவர் குதிரை வண்டியில் தானியம் கொண்டுவந்து இறக்கிவிட்டு அன்றே வீடு திரும்ப வேண்டும். ஊர்களுக்கிடையே உள்ள தொலைவை அத்தேவையே முடிவு செய்தது. ஒரு நிலையம், ஒரு தானியக் கிடங்கு, ஓர் அஞ்சலகம், சில கடைகள். ராஸும் அவ்வாறு அமைந்த ஊரே.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி, ஐந்தாண்டுகள் தங்கி வீடு கட்டிப் பயிர் செய்வோருக்கு 160 ஏக்கர் நிலம் உரிமையாயிற்று. அதனை நாடி, 1900களின் தொடக்கத்தில் உஸ்மானியப் பேரரசின் சிரியாவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் இங்கு வந்தன. அவர்களுடைய கிராமங்களுள் சில இன்றைய லெபனானில் உள்ளன. ஊர் ஊராகச் சென்று சில்லறைப் பொருள் விற்றவர்களும் அவர்களுள் இருந்தனர். எலும்பை உறைய வைக்கும் பனிக்காலத்தை அவர்கள் கோதுமையும் ஆளிவிதையும் விளைவித்தபடி தாங்கினர்.

அப்போது அவர்களுக்குப் பள்ளிவாசல் இல்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் வீடுகளிலேயே கூடித் தொழுதனர்; நோன்பு நோற்றனர்; இறந்தோரை அடக்கத் தனி மையவாடி அமைத்தனர். 1929இல்தான், பாதி நிலத்துக்குள் அமைந்த எளிய பள்ளிவாசல் ஒன்றை எழுப்பினர்.

அதன்பின் நிகழ்ந்ததே நம்மைச் சிந்திக்க வைப்பது. பொருளாதாரப் பெருமந்தமும் 1930களின் வறட்சியும் பலரை நிலத்தைவிட்டுக் கிளப்பின. பிள்ளைகள் நகரங்களை நாடினர். வீட்டில் அரபி மொழி தேய்ந்தது. தொழுவோர் குறைந்து பாழடைந்த அக்கட்டடம் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. 2005இல் வழித்தோன்றல்களும் நண்பர்களும் அதே இடத்தில் குவிமாடத்துடன் சிறு பள்ளி ஒன்றை நினைவாகக் கட்டினர். மையவாடியின் வாயிலில் பிறையும் நட்சத்திரமும் இன்றும் உள்ளன.

அம்மக்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. வறட்சியும் வறுமையும் அவர்கள் தேடிக்கொண்டவை அல்ல. ஆனால் நமக்கு அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை. நம் மஹல்லாக்களில் பள்ளிவாசலின் தரை பளிங்கால் மின்னுகிறது; அதன் பக்கத்திலேயே மாலை மதரஸாவின் பாய்கள் காலியாகக் கிடப்பதை ஆசிரியர்களாகிய நாம் அன்றாடம் காண்கிறோம். கட்டடம் இல்லாத காலத்தில் ராஸின் வீடுகளில் தொழுகை இருந்தது. பிள்ளைகள் அகன்றபோது கட்டடத்தால் அதனைக் காக்க இயலவில்லை.

ஆகவே, இன்று மாலை உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்து மதரஸாவுக்கு அழைத்து வாருங்கள்.

அப்புல்வெளியில் உறங்கும் முன்னோர்களின் பிழைகளை அல்லாஹ் மன்னித்து, அவர்களுடைய கப்ருகளை ஒளியால் நிரப்புவானாக. ஆமீன்.