கல்லாப் போன ரொட்டியும் அம்மாயி சொன்ன கணக்கும்

பேராதனையில் ஒரு போடிங்கில் நாங்க நாலு பேர் இருக்கிறோம். கலைப்பீடம், மூன்றாம் வருசம். சமையலுக்கு ஒரு கேஸ் அடுப்பு, ஒரு தாச்சி, வீட்டுக்காரம்மா இரவல் தந்த திருவலை. போன மாசக் கடைசியில் கையில் காசு முடிஞ்சதும், கடைச் சாப்பாட்டை நிறுத்திட்டு நாங்களே ரொட்டி சுடுறது என்று முடிவெடுத்தோம். மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணி. இதில் என்ன பெரிய வித்தை இருக்கப்போகுது?

முதல் நாள் சுட்ட ரொட்டியை எறிஞ்சிருந்தால் யன்னல் கண்ணாடி உடைஞ்சிருக்கும். இரண்டாம் நாள் வெளியே கருகல், உள்ளே பச்சை மா. மூன்றாம் நாள் தண்ணி கூடிப்போய், மா தாச்சியில் ஒட்டினதை விட எங்க கையில் ஒட்டினதுதான் அதிகம். வேறு வழியில்லாமல் எங்களில் ஒருத்தியின் அம்மாயிக்குக் கோல் எடுத்தோம். கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கொழுந்தெடுத்து, இன்றைக்கும் அதே லயத்தில் இருக்கிறவங்க.

"எவ்வளவு நேரம் பிசைஞ்சீங்க?"

"இருபது நிமிசம், நல்லா அடிச்சு அடிச்சுப் பிசைஞ்சோம் அம்மாயி."

"பரோட்டாவா போடப்போறீங்க? அப்படிப் பிசைஞ்சா மா முறுகிக்கிடும்டி."

பிறகு முறையைச் சொன்னாங்க. முதலில் உப்பையும் தேங்காய்ப்பூவையும் மாவோடு கையால் பிசறணும். வெதுவெதுப்பான தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுச் சேர்க்கணும். மா ஒன்றாத் திரண்டதும் நிறுத்திடணும். ஈரத்துணியால் மூடி அரை மணித்தியாலம் வைக்கணும். தட்டிப் போட்டதும் அடுப்பைக் குறைக்கணும். இதற்கு விஞ்ஞானமும் இருக்கு. கோதுமை மாவில் இருக்கிற புரதம் தண்ணியோடு சேர்ந்து பிசைபடும்போது வலை மாதிரிப் பின்னிக்கொள்ளும். பிசையப் பிசைய வலை இறுகும். தேங்காயில் இருக்கிற எண்ணெய் அந்த வலையை அதிகம் இறுக விடாது. மூடி வைக்கிற நேரத்தில் இறுக்கம் தளரும்.

அம்மாயி இன்னொரு காரணமும் சொன்னாங்க. "பூ கூடப் போட்டா மா மிச்சம். எங்களுக்கு மா அளந்து குடுத்த காலத்துல..." என்று தொடங்கி, "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று நிறுத்திட்டாங்க. நாலாம் நாள் ரொட்டி நல்லா வந்தது. ஆனா அந்தப் பாதி வசனம் எங்களை விடவில்லை. அளந்து கொடுத்தது யார், எதற்காக?

தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் 'மலையகத்தின் பாரம்பரிய உணவு' என்று நாங்க பெருமையாச் சொல்றோம். ஆனா இலங்கையில் கோதுமை விளையிறதில்லை. எங்க முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தபோது அவங்க சாப்பாடு அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம். 1830களில் கண்டியைச் சுற்றிக் கோப்பித் தோட்டங்கள் பெருகின காலத்திலும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை போட்ட பிறகும், தோட்டத்து ஆட்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது அரிசிதான். அதுவும் இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. அரிசி சம்பளத்தோடேயே கட்டப்பட்டிருந்தது. கொடுத்த அரிசியின் விலையைச் சம்பளத்தில் கழிச்சுக்கொள்வாங்க.

1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடிச்சதும் பர்மா அரிசி நின்றுபோச்சு. இலங்கையில் பங்கீடு வந்தது. அரிசி குறைஞ்ச இடத்தை நிரப்பக் கோதுமை மா வந்தது. அதற்கு முன்பும் நாட்டில் மா இருந்தது, டவுனில் பாண் இருந்தது. ஆனா அரிசிக்குப் பதிலா மாவே அன்றாடச் சாப்பாடாகத் தோட்டத்து வீடுகளுக்குள் நுழைஞ்சது இந்தக் காலத்தில்தான். சோறு வடிக்கத் தெரிந்த கைகள் முன்னால் பழக்கமில்லாத ஒரு வெள்ளைப் பொடி. அதை எவ்வளவு பிசையணும், எவ்வளவு நேரம் வைக்கணும் என்று அவங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பாங்க? அவங்க முதல் ரொட்டியும் கல்லாத்தான் போயிருக்கும். வித்தியாசம் என்னவென்றால், எங்க கல்லு ரொட்டியை நாங்க குப்பையில் போட்டோம். அவங்களுக்கு அதைச் சாப்பிடுறதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது.

போர் முடிஞ்சும் மா போகவில்லை. அரிசி விலை என்பது அரசாங்கத்தையே ஆட்டக்கூடிய விசயம். 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். ஆனா 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத் தமிழர்களில் பெரும்பாலானோருக்குக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. வாக்கில்லாதவர்களின் பசிக்காக யார் பதவி விலகுவார்?

அந்தக் கேள்விக்கு 1973–74 பதில் சொன்னது. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இறக்குமதி சுருங்கியது, பங்கீடு வெட்டப்பட்டது. மரவள்ளி நடுங்க, கிழங்கு நடுங்க என்று அரசாங்கம் சொன்னது. லயத்துக்காரருக்கு நடுவதற்குச் சொந்தமா நிலம் எங்கே? தோட்டத்தில் வேலை நாளும் குறைஞ்சது. 1974இல் தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் கடுமையாக உயர்ந்தது அரச புள்ளிவிபரங்களிலேயே பதிவாகியிருக்கு. மலையக நகரங்களின் வீதிகளில் தோட்டத்து மக்கள் கையேந்தி நின்றதைப் பார்த்தவங்க இன்னும் உயிரோடு இருக்கிறாங்க. நாங்க படிச்ச பாடப்புத்தகத்தில் கண்டி இராச்சியம் இருந்தது, கோப்பி இருந்தது, தேயிலை இருந்தது. இந்தப் பசி இருந்ததா எங்களுக்கு ஞாபகமில்லை.

இதையெல்லாம் வாசிச்ச பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கலஹாவுக்கே போனோம். அம்மாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டே பேசினாங்க. அப்ப அவங்களுக்குப் பதிநாலு வயசு. அவங்க அம்மா பித்தளைக் குடத்தைக் கொண்டுபோய் டவுனில் வித்துட்டு மாவோடு வந்தாங்களாம். ரொட்டியை வரவர மெல்லிசாத் தட்டினாங்களாம். ஆளுக்கு ஒன்று என்கிற எண்ணிக்கை குறையக்கூடாது, அதனால் ரொட்டியின் தடிப்புத்தான் குறைஞ்சதாம். "ஏழு ரொட்டி" என்றாங்க.

எங்க கூட்டாளி விரல் விட்டு எண்ணிப் பார்த்துட்டு, "ஆறு பேர்தானே அம்மாயி?" என்று கேட்டா.

"எனக்குப் பொறகு ஒரு தங்கச்சி இருந்தா."

இருபத்திரண்டு வருசமா அவளுக்கு அது தெரியாது. நாங்க யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. அம்மாயி திருவின பூவை மாவில் கொட்டிப் பிசறத் தொடங்கினாங்க.

வரலாறு என்றால் சுவடிக்கூடத்தில் இருக்கிறது என்றுதான் எங்களுக்கும் ஒரு நினைப்பு இருந்தது. குடியுரிமைப் பத்திரமே இல்லாமல் வாழ்ந்த ஒரு சனம் எந்தச் சுவடியை விட்டுட்டுப் போகும்? 'பூ கூடப் போட்டா மா மிச்சம்' என்பதும் ஒரு ஆவணம்தான். சமையல் குறிப்பு மாதிரித் தெரியும், உள்ளே ஒரு பங்கீட்டுக் கணக்கு இருக்கும்.

ஆனா இதைச் சொல்லி ரொட்டியைக் கொண்டாடிட்டு மட்டும் போகவும் முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க நூற்றுக்கு 17 பேர்; தோட்டப்புறத்தில் 32 பேர். 2022 நெருக்கடியில், செப்டெம்பர் மாதம் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, மாவும் எட்டாத விலைக்குப் போனது. அப்ப எங்க வீடுகளிலும் ரொட்டி மெல்லிசாச்சு. நாங்க அதைக் கவனிக்கவில்லை, அம்மாக்கள் கவனிச்சிருப்பாங்க.

நீங்களும் வீட்டுக்குப் போனா அம்மாயியிடமோ அப்பாயியிடமோ ஒரு சாப்பாட்டை எப்படிச் செய்றது என்று கேளுங்க. பேட்டி மாதிரி இல்லாமல், கூட உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கொண்டே கேளுங்க. அவங்க பாதியில் நிறுத்தினால் அன்றைக்கு விட்டுடுங்க, இன்னொரு நாள் போங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளிப்போடாதீங்க.

எங்க அளவு இது: இரண்டு கோப்பை மா, ஒரு கோப்பை தேங்காய்ப்பூ, அரைத் தேக்கரண்டி உப்பு, திரளும் அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணி. ஏழு ரொட்டி வரும்.