மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஹொட் றொட்டின் கதையும்



சென்ற மாதம் எமது வானொலியில் பழைய கார்களைப் பற்றி நான் பேசிய பின்னர், அதை எழுத்திலும் தரும்படி சில நேயர்கள் கேட்டிருந்தார்கள். நேரம் போதாமையால் அன்று சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்காபுறோவில் எங்கள் தெருவில், எனக்கு நாலாவது வீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருக்கிறார். எண்பது வயதை நெருங்கியவர். அவருடைய கராஜுக்குள் 1932ஆம் ஆண்டின் ஃபோர்ட் கார் ஒன்று பல வருடங்களாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. கைகளில் வலுக் குறைந்துவிட்டது, நுணுக்கமான வேலைக்குக் கண்ணும் ஒத்துழைக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் சிறு வயதில் கராஜ் வேலை பழகியவன் என்று அறிந்ததும், உதவிக்கு வரமுடியுமா என்று கேட்டார். மூன்று பனிக்காலங்கள் சனிக்கிழமைகளில் போனேன். இரண்டாவது வருடத்திலிருந்து என் மகனும் கூட வந்தான். அந்தக் காரை இங்கே ஹொட் றொட் என்கிறார்கள்.

ஹொட் றொட் என்றால் என்ன? பழைய கார் ஒன்றைக் கழற்றி, தேவையற்ற பாரத்தைக் குறைத்து, எஞ்சினின் வலுவைக் கூட்டி, முன்னரைவிட வேகமாக ஓடும்படி வீட்டிலேயே திருத்திக் கட்டிய கார். இன்று காட்சிக்கு வரும் பளபளப்பான ஹொட் றொட்டுகளைப் பார்த்தால் இது பணக்காரரின் பொழுதுபோக்கு என்று தோன்றும். தொடக்கத்தில் அப்படி இருக்கவில்லை. புதுக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்கள்தான் இதைத் தொடக்கினார்கள்.

ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1908 முதல் 1927 வரை ‘மொடல் ரீ’ என்ற ஒரே வகைக் காரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றது. அதன் வலு 20 குதிரைவலு மட்டுமே. அமைப்போ மிக எளிமையானது. ஒரு காரின் உதிரிப்பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் விழுந்து கிடந்தபோது, இந்தப் பழைய கார்கள் சில டொலர்களுக்கே கிடைத்தன. கலிபோர்ணியாவில் பனியும் உப்பும் இல்லாதபடியால் அவை துருப்பிடிக்காமலும் இருந்தன. பழைய இரும்புக் கடைகளில் பாகங்களைத் தேடி எடுத்து, வீட்டுப் பின்வளவுகளில் வைத்து இளைஞர்கள் கார்களைப் பூட்டினார்கள்.

1932இல் ஃபோர்ட் நிறுவனம் எட்டு உருளைகள் கொண்ட வீ-8 எஞ்சினைச் சாதாரண மக்களின் காரில் பூட்டி விற்கத் தொடங்கியது. 65 குதிரைவலு. அதுவரை எட்டு உருளை என்பது பெரும்பாலும் விலை கூடிய கார்களுக்குரிய விடயம். இந்தக் கார்கள் பழசாகி இரண்டாம் கைக்கு வந்ததும், இளைஞர்களுக்கு வலுவான எஞ்சின் மலிவாகக் கிடைத்தது. கன்சாஸ் மாநிலத்திலிருந்து 1931இல் பிழைப்புத் தேடிக் கலிபோர்ணியாவுக்கு வந்த விக் எடல்புறொக் என்ற மெக்கானிக் இத்தகைய 1932 ஃபோர்ட் ஒன்றை வாங்கி, அதற்கு இரண்டு காபரேற்றர் பூட்டுவதற்கான பாகத்தைத் தானே வடிவமைத்தார். 1941இல் அந்தக் கார் மணிக்கு 121 மைல் வேகத்தில் ஓடியது.

எங்கே ஓடினார்கள்? லொஸ் ஏஞ்சலிசுக்கு வடக்கே பாலைவனத்தில் மியூறொக் என்ற வறண்ட ஏரிப் படுகை இருந்தது. தரை பலகை போல் சமமாக இருக்கும். சனிக்கிழமை அந்தக் காரிலேயே அங்கு போவார்கள். மட்காட்டுகளையும் முன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிட்டு ஓடுவார்கள். பிறகு பூட்டிக்கொண்டு வீடு திரும்பித் திங்கட்கிழமை அதே காரில் வேலைக்குப் போவார்கள். விபத்துகள் அதிகமானதால் கழகங்கள் ஒன்று சேர்ந்து 1937இல் ஒரு சங்கத்தை அமைத்து, காரைப் பரிசோதித்த பின்னரே ஓடவிடுவது என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தன.

இந்த இடத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். வேடா ஓர் என்பது அவருடைய பெயர். ஆண்களோடு சமமாக அந்த ஏரிப் படுகையில் கார் ஓட்டியவர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஓட்டங்கள் நின்றுவிட்டன. மியூறொக்கையும் இராணுவம் தன் பாவனைக்கு எடுத்துக்கொண்டது. இளைஞர்கள் படையில் சேர்ந்து உலகெங்கும் சிதறினார்கள். அப்போது சங்கத்தின் சிறிய செய்திமடலை நின்றுபோகாமல் நடத்தி, கடல் கடந்திருந்த அந்த இளைஞர்களுக்கு அனுப்பி வைத்தவர் வேடா ஓர். யாருடைய கார் எந்த வேகத்தில் ஓடியது, யார் எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் நிலைத்தன. 1946இல் ஒரு படத் தொகுப்பையும் வெளியிட்டார்.

போர் முடிந்து திரும்பியவர்கள் பலர் படையில் எஞ்சின் வேலை படித்திருந்தார்கள். கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. ஹொட் றொட் பெருகியது. தெருக்களில் போட்டி ஓட்டமும் பெருகியது. உயிர்கள் போயின. பத்திரிகைகள் இந்த இளைஞர்களைக் காடையர்கள் போலச் சித்திரித்தன. இதற்குப் பதிலாகத்தான் 1948 சனவரியில் லொஸ் ஏஞ்சலிசில் ஒரு பெரிய கண்காட்சி நடத்தினார்கள். அதே மாதம் றொபேட் பீற்றர்சன் ‘ஹொட் றொட்’ சஞ்சிகையின் முதல் இதழை வெளியிட்டார். விலை 25 சதம். 1950இல் சாந்தா அனா என்ற இடத்தில், விமான ஓடுபாதை ஒன்றில் முறைப்படியான நேர்கோட்டு ஓட்டம் தொடங்கியது. 1951இல் வோலி பாக்ஸ் என்பவர் அதற்கான தேசிய அமைப்பை உருவாக்கினார். “தெருவில் ஓடாதே, இங்கே வந்து ஓடு, அதற்கு முன் உன் பிறேக்கைக் காட்டு” என்பதுதான் சுருக்கமாக அவர்கள் சொன்ன செய்தி.

பிறேக் என்றதும் எங்கள் பெரியவரின் கராஜுக்கு வருகிறேன். அவருடைய காரில் ஃபோர்டின் பழைய எஞ்சின் இல்லை. முன்னைய சொந்தக்காரர் அதைக் கழற்றிவிட்டு 1950களின் செவர்லே எஞ்சின் ஒன்றைப் பூட்டியிருந்தார். 1955இல் செவர்லே கொண்டுவந்த சிறிய வீ-8 எஞ்சின் பாரம் குறைந்தது, மலிவானது. அதனால் ஹொட் றொட் கட்டியவர்கள் பலரும் அதற்கு மாறினார்கள். ஆனால் ஃபோர்ட் கார்களில் 1938 வரை இருந்தவை கம்பியால் இழுக்கும் பிறேக்குகள். எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் பிறேக் 1939இல்தான் வந்தது. 65 குதிரைவலுவுக்குச் செய்த கம்பிப் பிறேக்கை வைத்துக்கொண்டு அதன் இரண்டு மூன்று மடங்கு வலுவை எப்படி நிறுத்துவது? அதனால்தான் அந்தக் காலத்து இளைஞர்களே 1939இலும் அதற்குப் பின்னரும் வந்த கார்களின் பிறேக்கைக் கழற்றி 1932 காரில் பூட்டினார்கள்.

நான் எஞ்சினை முதலில் இயக்கிப் பார்க்க ஆசைப்பட்டேன். பெரியவர் விடவில்லை. சட்டகத்தில் வெடிப்பு இருக்கிறதா, சில்லுகளின் பெயரிங் சரியா, ஸ்ரியறிங்கில் ஆட்டம் உண்டா, பிறேக் குழாய்கள் புதிதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வைத்தார். முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் தனித்தனியாகப் பிறேக் எண்ணெய் போகும்படி இரட்டை அறை உள்ள மாஸ்ரர் சிலிண்டரைப் பூட்டினோம். ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். பழைய வயர்களை முழுதாக உரித்துப் புதிதாக இழுத்தோம். இருக்கைப் பட்டிகளைச் சட்டகத்தோடு சேர்த்துப் பூட்டினோம். ஒன்ராறியோவில் இப்படியான காரைத் தெருவில் ஓட்டுவதற்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். முப்பது வருடத்துக்கு மேற்பட்ட கார்களுக்குப் பழம்பெரும் வாகனம் என்று தனி இலக்கத்தகடு உண்டு. ஆனால் அது பெரிதும் மாற்றம் செய்யப்படாத கார்களுக்கே உரியது என்பதால் எங்களுக்கு உதவவில்லை.

பிறேக்குக்குக் காற்று எடுக்கும் நாளில் மகன் மிதிகட்டையை மிதித்தான், நான் கீழே படுத்திருந்தேன். அவசரத்தில் ஒரு குழாய் நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டுவிட்டேன். காரை வாசலில் தள்ளிப் பார்த்தபோது மிதிகட்டை பாதிக்கு மேல் இறங்கியது. பெரியவர் முன்கூட்டியே சில்லுகளுக்கு அடியில் மரக்கட்டை வைத்திருந்தபடியால் கார் தெருவுக்கு இறங்கவில்லை. அவர் ஏசவில்லை. கட்டையைக் காட்டிச் சிரித்தார். எனக்கு உடனே என் சித்தப்பாவின் குரல்தான் கேட்டது. “தம்பி, ஓட வைக்கிறது கெட்டித்தனமில்லை. நிப்பாட்டத் தெரியவேணும்.”

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 கார் ஒன்றை வாடகைக்கு ஓடியவர். மெக்கானிக்கும் அவரே. 1990இல் மீண்டும் போர் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபின் பெற்றோல் எட்டாக் கனியாயிற்று. அந்த ஐந்து வருடங்களும் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடியதை இதை வாசிக்கும் பலர் கண்ணால் கண்டிருப்பீர்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அதே காலம். கர்ப்பிணிப் பெண்களும் காயப்பட்டவர்களும் வைத்தியசாலைக்குப் போனது பெரும்பாலும் அந்தக் கார்களில்தான்.

“அப்பா, மண்ணெண்ணெயில எப்பிடிக் கார் ஓடினது?” என்று மகன் கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். ஒயிலை அடிக்கடி பார்க்கவேண்டும். எஞ்சினுக்குள் கலவையை இறுக்கமாக அமுக்கினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். பழைய எஞ்சின்கள் மெதுவாக அமுக்குபவை என்பதால் தாக்குப் பிடித்தன. கலிபோர்ணியா இளைஞர்கள் வேகத்துக்காக அந்த அமுக்கத்தைக் கூட்டினார்கள். எங்களுக்கோ அது குறைவாக இருந்ததுதான் உயிர் காத்தது.

மகன் அதோடு விடவில்லை. காபரேற்றரின் துவாரத்தை எவ்வளவு மாற்றினீர்கள்? பொறியின் நேரத்தை எவ்வளவு பின்தள்ளினீர்கள்? எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் சாவி எடுத்துக் கொடுக்கும் பொடியன். அந்த அளவுகள் எல்லாம் சித்தப்பாவின் கொப்பியில் இருந்தன. நீல மட்டை போட்ட பாடசாலைக் கொப்பி. 1995 ஒக்ரோபரில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது கொப்பி கராஜிலேயே கிடந்துவிட்டது. சித்தப்பா போன வருடம் காலமானார். கேட்டிருக்கலாம். இருபத்தைந்து வருடமாகத் தொலைபேசியில் சுகம் விசாரித்தேன், காசு அனுப்பினேன், இதை மட்டும் கேட்கவில்லை.

1932 ஃபோர்டுக்கு எந்த வருடத்துப் பிறேக் பொருந்தும் என்று இன்று யாரும் ஒரு நிமிடத்தில் அறியலாம். அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்பதால் அல்ல. வேடா ஓர் போன்றவர்கள் போருக்கு நடுவிலும் எழுதி வைத்தார்கள், அந்தத் தாள்கள் எரியவில்லை, அவ்வளவுதான். எங்களுடைய தாள்கள் போய்விட்டன. செய்தவர்களில் இன்னும் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் எங்கள் வீடுகளிலேயே இருக்கிறார்கள். தொழிற்சாலையில் வேலை செய்து இளைப்பாறிய ஐயா ஒருவர் ஒரு காலத்தில் மொறிஸ் மைனரை மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் என்பது அவருடைய பேரப்பிள்ளைக்குத் தெரியாது. கராஜ் வேலை என்றால் கௌரவக் குறைவு என்று நாங்களே மறைத்தும் இருக்கிறோம். நானும் மறைத்தவன்தான்.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு அவர் பக்கத்தில் இருந்து கேளுங்கள். அளவுகளைக் கேளுங்கள், கருவிகளின் பெயர்களைக் கேளுங்கள், பிழைத்த வேலைகளையும் கேளுங்கள். பிள்ளைகளைக் கொண்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். எமது வானொலிக்கு அனுப்பினால் ஒலிபரப்புவோம், இந்த மடலிலும் அச்சிடுவோம்.

பெரியவரின் கார் சென்ற வைகாசியில் சான்றிதழ் பெற்றது. முதல் ஓட்டம் எங்கள் தெருவைச் சுற்றி ஒரு தரம், மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போகவில்லை. மகன் பின்னால் சைக்கிளில் வந்தான். இப்போது அவன் ஒரு கொப்பி வாங்கியிருக்கிறான். முதல் பக்கத்தில், எனக்கு நினைவிருந்த அளவுக்கு, ஏ-40இன் கதையை எழுத வைத்திருக்கிறேன். மிச்சப் பக்கங்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காகக் காத்திருக்கின்றன.