221-வது ஆள்

ஜூலை மாசம் வந்தா எனக்கு ஒரு வியாதி வரும். ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில அடுத்த சீசனுக்கு யார் எந்த வரிசையில ஆடணும்னு கட்டம் போட்டுக்கிட்டு இருப்பேன். என்னமோ அவங்க மேனேஜர் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் முடிவு எடுக்கப்போற மாதிரி. மேட்ச் கிடையாது, அக்டோபர் வரைக்கும் எதுவும் கிடையாது. ஆனா ரசிகனுக்கு இதுதான் உண்மையான சீசன். இன்னும் யாரும் தோக்கலையே!

ஹாக்கின்னதும் தயான் சந்த், தன்ராஜ் பிள்ளைன்னு நினைச்சுடாதீங்க. இது ஐஸ் ஹாக்கி. ஆன்சைட்னு சொல்லி மிச்சிகன்ல நோவி பக்கம் ரெண்டு குளிர்காலம் பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். எங்க டீம்ல ஒரு பெரியவர், பிறந்து வளர்ந்தது எல்லாம் டெட்ராய்ட். "இந்தக் குளிர்ல ரூம்ல உட்கார்ந்து என்ன பண்ணப்போற, வா"ன்னு ஒரு நாள் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனார். முதல் பாதி நேரம் பந்து எங்கேன்னே தெரியலை. (பந்தே இல்லையாம், கறுப்பு ரப்பர் வட்டு. பக்னு பேரு.) அதுக்குப் பதிலா நான் பார்த்தது பெஞ்சைத்தான்.

ஐஸ் மேல ஒரு நேரத்துல கோல்கீப்பரோட சேர்த்து ஆறு பேர். ஆனா உடுப்பு மாட்டிக்கிட்டு வர்றது இருபது பேர். மூணு மூணு பேரா நாலு வரிசை முன்கள ஆட்டக்காரங்க, ரெண்டு ரெண்டு பேரா மூணு ஜோடி தடுப்பு ஆட்டக்காரங்க, ரெண்டு கோல்கீப்பர். முழு வேகத்துல சறுக்கினா முக்கால் நிமிஷத்துக்கு மேல உடம்பு தாங்காது. அதனால ஆட்டம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே ஒரு வரிசை தடுப்பைத் தாண்டி உள்ளே குதிக்கும், இன்னொரு வரிசை மூச்சு வாங்க வெளியே வரும். அறுபது நிமிஷ ஆட்டத்துல பெரிய பெரிய ஸ்டாரே இருபத்தஞ்சு நிமிஷம் ஆடினா அதிகம். மிச்ச நேரம் யார் ஆடுறது? அதுதான் கேள்வி.

நம்ம ஐ.டி. பாஷையில பெஞ்ச்னா ப்ராஜெக்ட் இல்லாம சும்மா உட்கார்றது. நானும் வேலைக்குச் சேர்ந்த புதுசுல அஞ்சு மாசம் உட்கார்ந்திருக்கேன். அந்த அஞ்சு மாசம் கேன்டீன் டீ கூட இறங்காது. அதனாலயோ என்னமோ, அன்னிக்கு அந்த நாலாவது வரிசை ஆளுங்க மேலயே கண்ணு போச்சு.

சரி, கொசுவர்த்தி சுத்திட்டேன். வரலாறுக்கு வருவோம்.

1982-ல இந்த அணியை நாரிஸ் குடும்பத்துக்கிட்டேருந்து வாங்கினார் மைக் இலிட்ச். லிட்டில் சீசர்ஸ் பீட்சா கடைக்காரர். அப்போ அணியோட நிலைமை பரிதாபம். கடைசியா ஸ்டான்லி கோப்பை ஜெயிச்சது 1955-ல. ஊர்க்காரங்களே 'செத்த விங்ஸ்'னு கிண்டல் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. இலிட்ச் மேனேஜரா கூட்டிட்டு வந்தது ஜிம் டெவெலானோவை. டிராஃப்ட் வழியாத்தான் அணியைக் கட்டணும்ங்கறது அவர் கொள்கை.

டிராஃப்ட்னா தெரியாதவங்களுக்கு: வருஷா வருஷம் கோடையில இளம் ஆட்டக்காரங்களை எல்லா அணிகளும் முறை வச்சு எடுத்துக்கும். போன சீசன்ல மோசமா ஆடின அணிக்கு முன்னாடி வாய்ப்பு. நம்ம காலேஜ் கேம்பஸ் மாதிரின்னு வச்சுக்கோங்க. என்ன, இங்க முதல் நாள் வர்ற கம்பெனி பெரிய கம்பெனி, அங்க முதல்ல எடுக்கிறது நொந்துபோன கம்பெனி.

1983-ல டெட்ராய்டுக்குக் கிடைச்சது நாலாவது வாய்ப்பு. அவங்க கண்ணு வச்சிருந்தது உள்ளூர்ல வளர்ந்த பேட் லாஃபாண்டேன் மேல. மூணாவது வாய்ப்புல நியூயார்க் ஐலண்டர்ஸ் தட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. வேற வழியில்லாம எடுத்தது ஸ்டீவ் ஐஸர்மேனை. 1986-ல இருபத்தியொரு வயசுல கேப்டன். அவர் கோப்பையைத் தொட இன்னும் பதினோரு வருஷம் ஆச்சு. ஒரே ஒரு பெரிய ஆளை வச்சு இந்த ஆட்டத்தை ஜெயிக்க முடியாதுங்கறதுக்கு வேற சாட்சி வேணுமா?

1989 ஜூன். மினசோட்டாவுல டிராஃப்ட். அப்போ மொத்தம் பன்னிரண்டு சுற்று. முதல் சுற்றுல, 11-வது ஆளா டெட்ராய்ட் எடுத்தது மைக் சில்லிஞ்சரை. மூணாவது சுற்றுல, 53-வதா ஸ்வீடன் பையன் நிக்லஸ் லிட்ஸ்ட்ரம். நாலாவது சுற்றுல, 74-வதா செர்கெய் ஃபெடரோவ். பதினொண்ணாவது சுற்றுல, 221-வதா விளாடிமிர் கொன்ஸ்தாந்தினோவ். கடைசி ரெண்டு பேரும் மாஸ்கோ ராணுவ அணி. பெர்லின் சுவர் விழ இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. சோவியத் ஆட்டக்காரன் வெளியே வரவே முடியாது, அவன் மேல வாய்ப்பை வீணாக்குவானேன்னு மத்த அணிகளுக்குத் தயக்கம். திறமை தெரியாம இல்லை. எடுத்துத் தோத்துட்டா மானம் போகுமேன்னு பயம்.

டெட்ராய்ட் எடுத்துட்டுச் சும்மா இருக்கலை. 1990 ஜூலையில சோவியத் அணி போர்ட்லாண்டுக்கு ஆட வந்தப்போ ஃபெடரோவ் ஹோட்டலை விட்டு நழுவி டெட்ராய்ட் விமானத்துல ஏறிட்டார். கொன்ஸ்தாந்தினோவ் ராணுவ அதிகாரி, ஓடி வந்தா ராணுவக் குற்றம். அவருக்குத் தீராத நோய்னு மாஸ்கோவுல மருத்துவச் சான்று தயார் பண்ணி, ராணுவத்துலேருந்து விடுவிச்சுக் கூட்டிட்டு வந்ததா அந்தக் கிளப் ஆளுங்களே பின்னாடி சொன்னாங்க. 1991-ல வந்து சேர்ந்தார். சினிமா தோத்துது போங்க!

இதுல ஒரு வேடிக்கை. முதல் சுற்று ஆளான சில்லிஞ்சர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனா ஊர் ஊரா மாறி மொத்தம் பன்னிரண்டு அணிக்கு ஆடினார். மூணாவது சுற்று லிட்ஸ்ட்ரம் இருபது சீசன், 1,564 மேட்ச், எல்லாமே டெட்ராய்டுக்கு. சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருது ஏழு தடவை. கேம்பஸ்ல முதல் நாள் கம்பெனியில தேறாம, எல்லாரும் ட்ரீட் கேட்டு முடிச்சப்புறம் கடைசியா வந்த கம்பெனியில ஆஃபர் வாங்கினவன் நான். இந்தக் கணக்கை மட்டும் நான் மனப்பாடமா சொல்லுவேன்.

1993-ல கோச்சா வந்தார் ஸ்காட்டி போமன். 1995 இறுதிப் போட்டியில நியூஜெர்ஸிகிட்ட நாலுக்கு பூஜ்யம்னு அடி. அடுத்த சீசன் அக்டோபர்ல இகோர் லாரியோனோவும் வந்து சேர, ஃபெடரோவ், கோஸ்லோவ், லாரியோனோவ், ஃபெடிசோவ், கொன்ஸ்தாந்தினோவ்னு அஞ்சு ரஷ்யர்களையும் ஒண்ணா இறக்கினார். அந்த சீசன்ல 62 வெற்றி, அன்னிய தேதிக்குச் சாதனை. இருந்தும் அரையிறுதியில கொலராடோகிட்ட தோத்தாங்க.

மேல் வரிசை அவ்வளவு பலம். அப்புறம் என்னதான் குறை? போமன் கீழ் வரிசையைச் சரிபண்ணார்னுதான் நான் சொல்லுவேன். கிரிஸ் டிரேப்பர்னு ஒருத்தர். 1993-ல வின்னிபெக் அணிகிட்டேருந்து வாங்கினது. விலை என்ன தெரியுமா? ஒரு டாலர். சத்தியமா ஒரே ஒரு டாலர். கிர்க் மால்ட்பி 1996-ல எட்மன்டன்லேருந்து வந்தவர். ஜோ கோசர், ஆட அணி இல்லாம பொழுதுபோக்கு லீக்ல ஆடிக்கிட்டு இருந்தவரை 1996 டிசம்பர்ல திரும்பக் கூப்பிட்டாங்க. இவங்கதான் 'கிரைண்ட் லைன்'. மாவு அரைக்கிற மாதிரி எதிராளியோட முதல் வரிசையை அரைச்சு எடுக்குறது வேலை. கோல் போட்டா போனஸ். பின்னாடி கோசர் இடத்துக்கு டேரன் மெக்கார்ட்டி வந்தார்.

1997 ஜூன் 7. ஃபிலடெல்ஃபியாவை நாலுக்கு பூஜ்யம்னு முடிச்சு, 42 வருஷத்துக்கு அப்புறம் கோப்பை. கடைசி மேட்ச்சோட வெற்றி கோலைப் போட்டது ஃபெடரோவ் இல்லை, ஐஸர்மேன் இல்லை. அடிதடிக்குப் பேர்போன மெக்கார்ட்டி!

ஆறு நாள் கழிச்சு, ஜூன் 13. அணியோட கொண்டாட்டம் ஒண்ணு முடிஞ்சு, யாரும் தானே வண்டி ஓட்ட வேண்டாம்னு லிமோசின் வாடகைக்குப் பிடிச்சுத்தான் கிளம்பினாங்க. உட்வர்ட் அவென்யூவுல வண்டி பாதை விலகி மரத்துல மோதிடுச்சு. ஃபெடிசோவ் காயத்தோட தப்பிச்சார். கொன்ஸ்தாந்தினோவுக்கும், அணியோட மசாஜ் நிபுணர் செர்கெய் ம்னாட்சகானோவுக்கும் மூளையில பலத்த அடி. கொன்ஸ்தாந்தினோவுக்கு அப்போ முப்பது வயசு. அந்த வருஷ நாரிஸ் விருதுக்கு இரண்டாவதா வந்தவர். அதோட அவர் ஆட்டம் முடிஞ்சது.

அந்த ரோட்டுல நான் எத்தனையோ தடவை போயிருக்கேன். ரெண்டு பக்கமும் கடை, சிக்னல், மரம். சாதாரண ரோடு.

1997 கோடையில டெட்ராய்ட் ரசிகன் ஒருத்தன் என்னை மாதிரி கட்டம் போட உட்கார்ந்திருந்தா என்ன எழுதியிருப்பான்? முதல் ஜோடியில ஒரு பெட்டி காலி. கோப்பை வாங்கித்தந்த கோல்கீப்பர் வெர்னனும் ஆகஸ்ட்ல சான் ஹோசேக்குப் போயாச்சு. ஆனா காலி இடத்துக்கு ஒரு பெரிய ஸ்டாரை அவங்க தேடலை. லிட்ஸ்ட்ரம் இருந்தார். ஏற்கனவே வந்திருந்த 36 வயசு லாரி மர்ஃபி இருந்தார். 39 வயசு ஃபெடிசோவ் இருந்தார். மார்ச்ல இன்னொரு 36 வயசுக்காரர், ஜேமி மகூன் வந்தார். கோல்ல இளைஞர் ஆஸ்குட். அவர் சுமந்ததை ஆளுக்குக் கொஞ்சமா பிரிச்சுத் தூக்கினாங்க. 1998 ஜூன் 16, வாஷிங்டன்ல மறுபடியும் நாலுக்கு பூஜ்யம். ஐஸர்மேன் கோப்பையை வாங்கி முதல்ல கொடுத்தது சக்கர நாற்காலியில ஐஸுக்கு வந்த கொன்ஸ்தாந்தினோவ்கிட்ட. மடியில கோப்பையை வச்சு, அந்த நாற்காலியைத் தள்ளிக்கிட்டு அணியே சுத்தி வந்துச்சு.

இந்த இடத்தைச் சொல்லும்போது எங்க பெரியவர் பேச்சை நிறுத்திட்டு வேற பக்கம் பார்ப்பார். அரங்கத்துல 16-ம் நம்பரை முறைப்படி ஓய்வு கொடுத்துக் கூரையில ஏத்தலை. ஆனா 1997-க்கு அப்புறம் யாருக்கும் அதைக் கொடுக்கவும் இல்லை.

அப்புறமும் கதை ஓடுச்சு. பணம் போட்டு ஹாஷெக், ஹல், ரோபிடாயை எல்லாம் சேர்த்து 2002-ல ஒரு கோப்பை. அதையும் மறைக்கக் கூடாது, பணம் இருந்துச்சு. 2005-ல சம்பள உச்சவரம்பு, அணிக்கு 39 மில்லியன் டாலர்னு வந்ததும் அந்த வழி அடைஞ்சது. அப்போ காப்பாத்தினது ஹாகன் ஆண்டர்சன்ங்கற ஐரோப்பிய ஸ்கவுட் முன்னாடியே கண்டெடுத்த ரெண்டு பேர்: 1998-ல 171-வதா எடுத்த பாவெல் தட்ஸ்யுக், 1999-ல 210-வதா எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்க். 2008 கோப்பை அவங்க தோள்ல வந்தது. 1991-லேருந்து 2016 வரைக்கும் 25 சீசன் விடாம பிளேஆஃப்.

ஆனா அந்த ஓட்டத்தைக் காப்பாத்தறதுக்கே எதிர்காலத்தை வித்துட்டாங்க. 2012-ல ஒரு தடுப்பு ஆட்டக்காரருக்காக முதல் சுற்று வாய்ப்பை டாம்பா பேக்குக் கொடுத்தாங்க. டாம்பா அதுல எடுத்தது ஆந்த்ரே வாஸிலெவ்ஸ்கி. 2020, 2021 ரெண்டு கோப்பையிலயும் அவங்க கோல்கீப்பர். அந்த நேரம் டாம்பாவுக்கு மேனேஜர் யாரு? நம்ம ஐஸர்மேன்! வாத்தியார் வீட்டுலயே பாடம் எடுத்துட்டார். 2017-லேருந்து 2025 வரைக்கும் ஒன்பது சீசன் டெட்ராய்ட் பிளேஆஃப் பக்கமே போகலை. 2019-20-ல 71 மேட்ச்ல வெறும் 17 வெற்றி.

2019-ல ஐஸர்மேன் மேனேஜரா வீடு திரும்பினார். இளம் ஆட்டக்காரங்களைத் தேர்வு பண்ற பொறுப்பை யார்கிட்ட கொடுத்தார் தெரியுமா? கிரிஸ் டிரேப்பர்கிட்ட. அந்த ஒரு டாலர் ஆள்கிட்ட. அதைப் படிச்சப்போ ஆபீஸ்ல தனியா சிரிச்சேன், பக்கத்து க்யூபிகிள்காரன் ஒரு மாதிரியா பார்த்தான்.

அதனாலதான் ஜூலையில போடற என் கட்டத்தை நானே பெருசா நம்புறதில்லை. நான் எழுதற பேரெல்லாம் ஏழெட்டு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் குளிர்ல நின்னு பார்த்துக் குறிச்சுக்கிட்ட பேர். இன்னிக்கு அவங்க குறிக்கிற பேர் எனக்குத் தெரிய இன்னும் அஞ்சாறு வருஷம் ஆகும். நாலாவது வரிசையை மட்டும் இப்பல்லாம் முதல்ல நிரப்புறேன்.

ஷீட்டோட ஓரத்துல ஒரு காலம் உண்டு, ஜெர்ஸி நம்பருக்கு. ஒண்ணுலேருந்து இழுத்துவிட்டா எக்ஸெல் தானா வரிசையா போட்டுடும். ஒவ்வொரு வருஷமும் 15-க்கு அடுத்த வரியை மட்டும் கையால அழிச்சுட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

பி.கு: குளிர்காலத்துல அங்க ராத்திரி ஏழு மணி மேட்ச்னா நமக்கு காலையில அஞ்சரை. அக்டோபருக்கு அப்புறம் நான் ஆபீஸ்ல தூங்கி வழிஞ்சா காரணம் இதுதான். மேனேஜர்கிட்ட போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே!