டிவி கம்பியில் ஒரு தந்தி ஊழியர்

ஓட்டல்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள பல டிவிகளின் பின்புறம் ஒன்பது முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஆர்.எஸ்.232 என்று பெயர். அதைக் கம்பியால் கணினியோடு இணைத்துவிட்டால், ரிமோட் இல்லாமலே டிவியைப் போடலாம், அணைக்கலாம், சத்தத்தைக் கூட்டலாம். இணைக்கும்போது வேகத்தைக் குறிக்க வேண்டும். பெரும்பாலும் 9600 பாட்.

இந்த 'பாட்' ஒரு மனிதரின் பெயர். பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்கள் 'போ' என்றுதான் சொல்வோம். எமில் போதோ என்பவரின் பெயர்ச் சுருக்கம். 1845-இல் பிரான்சில் விவசாயி மகனாகப் பிறந்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. 1869-இல் தந்தித் துறையில் சாதாரண ஊழியராகச் சேர்ந்தார்.

அப்போது மோர்ஸ் முறைதான் வழக்கம். அதில் ஓர் எழுத்து குட்டை, இன்னொன்று நெட்டை. போதோ எல்லா எழுத்தையும் ஒரே அளவாக்கினார். எழுத்துக்கு ஐந்து துடிப்பு. ஒவ்வொன்றிலும் மின்சாரம் உண்டு அல்லது இல்லை. ஆக 32 சேர்க்கைகள். 1874-இல் காப்புரிமை பெற்றார். இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று என ஐந்தே கட்டைகள். பலர் முறைவைத்து ஒரே கம்பியில் தந்தி அனுப்பினார்கள்.

டிவிக்குக் கம்பி ரிமோட் 1950-இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஜெனித் நிறுவனத்தின் 'லேசி போன்ஸ்'. அது மோட்டாரைச் சுழற்றிச் சேனல் மாற்றியது, டிவியைப் போட்டு அணைத்தது, அதோடு சரி. தரையில் கிடந்த கம்பி காலைத் தடுக்கிவிடும். பிறகு கம்பியில்லா ரிமோட்டுகள் வந்தன.

ஆனால் நாம் வீட்டில் அழுத்தும் சாதாரண ரிமோட்டுக்குப் பதில் வராது. டிவி கேட்டதா இல்லையா என்று அதற்குத் தெரியாது. 1960-இல் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.232 கம்பியில், கட்டளை போதோ காட்டிய வழியில் துடிப்பு துடிப்பாக வரிசையில் போகிறது. 9600 என்றால் நொடிக்கு அத்தனை துடிப்பு. எழுத்துக்குப் பத்து வீதம் 960 எழுத்து. 'சரி, செய்தேன்' என்று டிவியும் பதில் அனுப்பும். முன்பு பதிவுத் தபாலுக்கு வந்த ஒப்புகை அட்டை போலத்தான். நூறு டிவிகளை ஒரே அறையிலிருந்து கவனிப்பவருக்கு அந்த ஒப்புகைதான் முக்கியம்.

அரசு அலுவலகத்தில் குறிப்பு எழுதுபவர் பெயர் யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் நிற்கும். போதோவின் மேலதிகாரிகள் யாரென்று இன்று எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஊழியரின் பெயரோ டிவி கையேட்டில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. குமாஸ்தாவாகவே ஓய்வு பெற்றவனுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.