பெரிய பாரின் கதை

நான் ஆசிரியனாக இருந்தபோது ஒருநாள் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பைப் பற்றிப் பாடம் நடத்தினேன். கடலடியில் சிப்பி வாழும் பாறைத் திட்டைப் 'பார்' என்பர் என்றேன். "ஐயா, அங்கே சிப்பி எவ்வாறு வந்து சேர்கிறது?" என்று ஒரு மாணவன் வினவினான். விடையறியாத நான் பாடத்தை விரைந்து முடித்துவிட்டேன்.

அவ்வினா இலங்கை அரசினரையும் வாட்டியதுண்டு. 1891க்குப் பின் பல ஆண்டுகள் அங்கு முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், ஹார்னெல் என்பாருடன் வந்து பார்களை ஆராய்ந்தார்.

முத்துச்சிப்பியின் முட்டை கடல்நீரிலேயே கருவுறும். அதினின்று தோன்றும் இளவுயிரி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுருவில், ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பின்பு அடியில் இறங்கும். பாறையோ பவளக்கல்லோ வாய்த்தால் நார்விட்டுப் பற்றிக்கொள்ளும். வெறும் மணலாயின் மாண்டொழியும்.

பற்றிக்கொண்டாலும் பிழைக்குமா? பெரிய பாரில் 1902 மார்ச்சில் குஞ்சுச் சிப்பிகள் அடர்ந்து கிடந்தன. நவம்பரில் ஒன்றுகூட இல்லை! தென்மேற்குப் பருவக்காற்றில் எழுந்த கடற்கொந்தளிப்பு வாரிச் சென்றது என முடிவு செய்த ஹெர்ட்மன், குஞ்சுகளைக் காப்பான பார்களுக்குப் பெயர்த்து நடுமாறு கூறினார். நாற்று நடும் உழவர்க்கு இது வியப்பன்று.

1906இல் ஒரு கம்பெனியார் பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். 1907க்குப் பின் சிப்பி பொய்த்தது, கம்பெனியும் கலைந்தது. தூத்துக்குடியிலும் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது.

1981இல் அதே தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இளவுயிரிகளைத் தொட்டியில் வளர்த்துக் குஞ்சுச் சிப்பிகளாகப் படியச் செய்தனர். அச்செய்தியைப் படித்தபோது, விடை பெறாமலே அமர்ந்த அம்மாணவனின் முகமே எனக்கு நினைவுக்கு வந்தது.