விதைப்பெட்டியும் உரம் தூவும் டப்பாவும்



நம் முன்புறப் புல்தரையில் ஆங்காங்கே கருகிப்போன திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே சில இடங்கள் கரும்பச்சையாகவும் சில இடங்கள் வெளிறியும் இருக்கின்றன. பூச்சியோ நோயோ என்று பலர் கேட்டார்கள். இரண்டும் இல்லை. பழைய பெயின்ட் வாளியில் யூரியாவைக் கொட்டிக்கொண்டு நாங்கள் சிலர் கையால் வீசினோம். கைநிறைய விழுந்த இடம் கருகிவிட்டது, விழாத இடம் வெளிறி நிற்கிறது. வீசியவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு கருத்துகள் வந்தன. கைப்பிடியைச் சுழற்றினால் உரம் சீராகத் தெறிக்கும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கலாம் என்றார் ஒருவர். கடைகளில் அதை ஸ்பிரெடர் என்று விற்கிறார்கள். "நம்ம பாட்டன் முப்பாட்டன் எல்லாம் கையாலதானே விதைச்சாங்க? அவங்களுக்கு எந்த டப்பா இருந்துச்சு?" என்று கேட்டார் இன்னொருவர். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேடியபோது கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

விதையால் அளந்த நிலம்

உங்கள் குடும்பத்தில் நன்செய் நிலம் இருந்திருந்தால், பழைய கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஏக்கர், சென்ட் என்பதற்குப் பதிலாக "இத்தனை கோட்டை விதைப்பாடு", "இத்தனை மரக்கால் விதைப்பாடு" என்று இருக்கலாம். ஒரு மரக்கால் விதை விதைக்கப் போதுமான நிலம் ஒரு மரக்கால் விதைப்பாடு. திருநெல்வேலிச் சீமையில் 21 மரக்கால் சேர்ந்தது ஒரு கோட்டை. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-இல்தான். அதுவரை நாமும் அந்தச் சீமையில் சேர்ந்தவர்கள், ஆகவே ஆத்தூர் வயல்களுக்கும் இதே வாய்ப்பாடுதான்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். விதையின் அளவைச் சொல்லி நிலத்தின் அளவைக் குறிக்க வேண்டுமானால், யார் விதைத்தாலும் ஒரு மரக்கால் விதை ஏறத்தாழ ஒரே பரப்பில் விழ வேண்டும். ஒருவர் அள்ளிக் கொட்டி, இன்னொருவர் கிள்ளிப் போட்டால் அந்த அளவு நிற்காது. விதைப்பவரின் கை ஊருக்கே பொதுவான ஓர் அளவோடு பழகியிருந்தது என்பதற்கு இந்தச் சொல்லே சாட்சி. 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்தது. அதன்பின் மரக்காலும் கோட்டையும் கடைத்தெருவை விட்டு மெல்லப் போய்விட்டன. ஆனாலும் வயதான விவசாயிகளிடம் பேசிப் பாருங்கள், நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது மரக்கால் என்ற சொல் இன்றும் வரும்.

பனை கொடுத்த பெட்டி

பாட்டனுக்கு எந்த டப்பா இருந்தது என்ற கேள்விக்கு நம் பக்கத்துப் பதில், ஓலைப்பெட்டி. ஆத்தூரைச் சுற்றித் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கின்றன. கொஞ்சம் தெற்கே போனால் செம்மணல் தேரியும் பனையும்தான். வயலுக்கு வேண்டிய பெட்டி அந்தப் பனையிலிருந்து வந்தது.

மெல்லிய பெட்டிக்குக் குருத்தோலை. முரட்டு வேலைக்குச் சாரோலை. சுமை தாங்க வேண்டுமானால் மட்டையிலிருந்து உரித்த அகணி நாரால் முடைந்த நார்ப்பெட்டி. மண்ணும் எருவும் சுமக்கக் கடகம். விதைக்கப் போகிறவர் நடுத்தரமான பெட்டி ஒன்றை இடது கையால் இடுப்போடு அணைத்துக்கொள்வார். வலது கையால் அள்ளி, நடந்துகொண்டே வீசுவார். பெட்டியின் எடை குறைவு, அதனால் தூக்கியிருக்கும் கை தளராது. வாய் அகலம், அதனால் பார்க்காமலே கை உள்ளே போய் வரும். ஓலை காற்றோட்டம் உள்ளது, அதனால் ஊறவைத்து முளைகட்டிய நெல்லும் அதில் வெந்துபோகாது.

சித்திரை முதல் நாள் நம் மாவட்டத்தின் மானாவாரி ஊர்களில் பொன்னேர் பூட்டும்போது, நவதானியத்தைப் பெட்டியில் கொண்டுபோய் உழுத மண்ணில் தூவும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மற்ற நாட்களில் பெட்டியின் இடத்தை பிளாஸ்டிக் பேசின் பிடித்துவிட்டது. திருச்செந்தூருக்குத் தெற்கே மணப்பாட்டில் பெண்கள் இன்னும் பனை ஓலையில் பெட்டிகள் முடைகிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பரிசுப் பொருளாகத்தான் வாங்குகிறார்கள்.

கை கற்றுக்கொண்ட மூன்று பாடங்கள்

பெட்டி மட்டும் சீரான விதைப்பைத் தந்துவிடாது. அதோடு சில பழக்கங்களும் இருந்தன.

முதலாவது, காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுவது உங்களுக்குத் தெரியும். மாலையில் கடற்காற்றும் சேரும். லேசான விதை அதில் ஒதுங்கி ஒரே பக்கமாய் விழும். ஆகவே காற்று எழுமுன் காலையிலேயே விதைப்பை முடிப்பார்கள்.

இரண்டாவது, மணல். எள் விதை மிகச் சிறியது. ஒரு பிடி அள்ளினால் அதில் எத்தனை விதை என்று கைக்குத் தெரியாது. அதனால் எள்ளோடு மணலைக் கலந்து தூவுவார்கள். ஒரு பங்கு எள்ளுக்கு நான்கு பங்கு உலர்ந்த மணல் என்பது வேளாண் பல்கலைக்கழகமும் சொல்லும் பரிந்துரை. கை பழகிய பிடியளவு மாறாது, அந்தப் பிடியில் உள்ள விதை மட்டும் குறையும்.

மூன்றாவது, குறுக்கும் நெடுக்கும். விதையை இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கில் நடந்தும் மீதியை அகலவாக்கில் நடந்தும் வீசினால், முதல் நடையில் விட்ட இடத்தை இரண்டாம் நடை பிடித்துக்கொள்ளும்.

கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் இருக்கிறது. ஆம், பாட்டன் கையால்தான் விதைத்தார். ஆனால் அவர் விதையை அளந்து எடுத்துக்கொண்டு போனார், காற்றைப் பார்த்தார், மணல் கலந்தார். நாங்கள் பெயின்ட் வாளியோடு போன அன்று இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை.

கருவி வெளியிலிருந்து வந்ததா?

விதைக்கும் கருவி என்றாலே ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் விதைக்கும் கருவியை உருவாக்கினார் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1795-இல் தாமஸ் ஹால்காட் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, தென்னிந்திய விவசாயிகள் கருவியால் வரிசையாக விதைப்பதைப் பற்றி எழுதினார். இது அண்மைக்கால ஐரோப்பியக் கண்டுபிடிப்பு என்று தானும் எண்ணியிருந்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார். அவர் பார்த்தது இன்றைய ஆந்திரப் பகுதியில். அந்த வகைக் கருவியின் மேலே ஒரு மரக்கிண்ணம் இருக்கும். அதன் துளைகளிலிருந்து மூங்கில் குழாய்கள் கீழே இறங்கும். மாடு இழுக்கும்போது பின்னால் நடப்பவர் விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிண்ணத்தில் விட, அது குழாய் வழியே சாலில் விழும். இதிலும் அளவு கையில்தான் இருக்கிறது. விதை எங்கே விழ வேண்டும் என்பதைக் குழாய் பார்த்துக்கொள்கிறது.

கையில் பிடித்துச் சுழற்றும் தூவி இதற்கெல்லாம் பின்னால் வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கஹூன் என்பவர் 1857-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தோளில் ஒரு துணிப்பை தொங்கும், அதன் அடியில் ஒரு துளை, துளையை ஒட்டி ஒரு சுழலும் பாகம். கைப்பிடியைச் சுழற்றினால் அந்தப் பாகம் சுழன்று விதையை இரண்டு பக்கமும் தெறிக்கும். கோதுமை, தீவனப்புல் விதைக்கும் வயல்களுக்காகச் செய்த கருவி இது. இன்று கடையில் விற்கும் பிளாஸ்டிக் டப்பாவிலும் அதே துளை, அதே சுழற்சி, அதே கைப்பிடி.

புல்தரைக்கு உரம் வந்த கதை

வீட்டு முன்னால் பச்சைப் புல்தரை வைப்பது நம் பழக்கம் அல்ல. நமக்கு வாசல் என்றால் சாணம் தெளித்துக் கோலம் போட்ட மண்தரை. இங்கிலாந்தில் எட்வின் படிங் 1830-இல் புல்வெட்டும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகு, சாதாரண வீடுகளும் புல்தரை வைத்துக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவில் ஸ்காட்ஸ் நிறுவனம் புல்தரைக்கென்றே தனி உரத்தை 1928-இல் விற்கத் தொடங்கியது. அதை வாங்கிய வீட்டுக்காரர்கள் விவசாயிகள் அல்லர். அவர்கள் கைக்கு விதைத்துப் பழக்கம் இல்லை. அதனால் உரத்தோடு அதைத் தூவும் கருவியையும் சேர்த்து விற்க வேண்டி வந்தது. அடுக்குமாடியில் குடியிருக்கும் நம் நிலையும் இன்று அதுதான்.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெர்முடா புல் என்று பாக்கெட்டில் விதை விற்கிறார்களே, அது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல் இனம்தான். அதன் விதை எள்ளைவிடச் சிறியது. மணல் கலக்காமல் தூவினால் திட்டுத்திட்டாகத்தான் முளைக்கும். நம் வளாகத்தில் இருப்பது கொரியன் புல். அதைத் துண்டுகளாக நட்டுத்தான் பரப்புவார்கள். ஆகவே நமக்கு உள்ள வேலை உரம் தூவுவது மட்டுமே.

யூரியாவும் வாளியும்

ஐ.ஆர்.8 நெல் 1966-இல் வெளியானது. உரத்தை நன்றாக ஏற்றுக்கொள்ளும் குட்டை ரகம் அது. அடுத்த பத்தாண்டுக்குள், 1975-இல், தூத்துக்குடி ஸ்பிக் ஆலை யூரியா உற்பத்தியைத் தொடங்கியது. நமக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள ஆலை அது. எருவும் குளத்து வண்டலும் புண்ணாக்கும் போட்ட வயலுக்கு வெள்ளைக் குருணை வந்து சேர்ந்தது.

யூரியா காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். ஓலைப்பெட்டியில் வைத்தால் கசிந்து முடைச்சல் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு வாளியும் பேசினும் தோதாக இருந்தன. வீச்சு மட்டும் பழைய விதைப்பு வீச்சுதான். நெல் வயலில் அதனால் பெரிய கெடுதல் தெரியவில்லை. ஒரு பிடி கூடுதலாக விழுந்தாலும் சேற்றிலும் நீரிலும் கரைந்து கொஞ்சம் பரவிவிடும். ஜிப்சமும் வேப்பம்புண்ணாக்கும் கலந்து ஓர் இரவு வைத்திருந்து போடும் முறையும் வந்தது: ஐந்து பங்கு யூரியாவுக்கு நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு புண்ணாக்கு. அது யூரியா மெதுவாகக் கரைவதற்காகச் சொன்னது. கைப்பிடியில் உள்ள யூரியாவின் அளவும் அதனால் பாதியானது, எள்ளுக்கு மணல் கலந்த அதே மாதிரி. 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும்.

புல்தரையில் தண்ணீர் நிற்பதில்லை. குருணை விழுந்த இடத்திலேயே கரைந்து, அங்குள்ள புல்லின் ஈரத்தை உறிஞ்சிவிடும். இலையில் பனி ஈரம் இருந்தால் அதிலேயே ஒட்டிக்கொண்டு எரிக்கும். வயலுக்குப் பொறுத்த வீச்சு புல்லுக்குப் பொறுக்கவில்லை. நம் கருகிய திட்டுகளின் வரலாறு இதுதான்.

இனி என்ன செய்யலாம்?

டப்பா வாங்குவதா வேண்டாமா என்பதைச் சங்கம் முடிவு செய்யட்டும். எதை வைத்துத் தூவினாலும் கீழே உள்ளவற்றைக் கடைப்பிடித்தால் போதும்.

1. முதலில் பரப்பை அளவெடுங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு தடவைக்கு 100 சதுர மீட்டருக்கு 1 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

2. எடை போட்ட யூரியாவை மட்டும் எடுத்து வாருங்கள். மூட்டையைத் தரைக்குக் கொண்டு வராதீர்கள். மூட்டை பக்கத்தில் இருந்தால் கை தாராளமாகிவிடும்.

3. கையால் தூவுவதானால் நான்கு பங்கு உலர்ந்த மணல் கலந்து உடனே தூவுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

4. இரண்டாகப் பிரித்து, பாதியை நீளவாக்கிலும் மீதியை அகலவாக்கிலும் தூவுங்கள்.

5. பனி காய்ந்த பிறகு, காற்று எழுமுன் முடித்து, உடனே நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

6. டப்பா வாங்கினால், முதலில் 10 சதுர மீட்டரில் சோதித்து, எத்தனை கிராம் விழுகிறது என்று பாருங்கள். 100 கிராமைத் தாண்டினால் துளையைக் குறையுங்கள். நடை வேகம் மாறினால் விழும் அளவும் மாறும்.

கருகிய இடங்களுக்கு ஒரு வாரம் நன்றாகத் தண்ணீர் காட்டி, பக்கத்துப் புல்லிலிருந்து துண்டுகள் எடுத்து நட்டால் தேறிவிடும். வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு அதைச் செய்யப் போகிறோம். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ஓலைப்பெட்டி யார் வீட்டிலாவது பரணில் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மணலும் எள்ளும் போட்டு எப்படித் தூவுவார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டலாம். வாளியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.